பப்பாளிக்காய்க்கு ஐந்து மிளகாய்

என் வீட்டுக்காரர் முப்பத்தொரு வருஷம் நான் சமைத்ததில் குற்றம் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஒரு குற்றமும் சொல்லவில்லை. இரண்டில் எது கொடுமை என்று கேட்டால், இரண்டாவதுதான் என்று யோசிக்காமல் சொல்வேன்.

மலையாளச் சீமையில், சாலைக் கடைத்தெருவை ஒட்டிய ஆரியசாலையில் எங்களுக்கு மிளகாய், மல்லி, மஞ்சள், பெருங்காயம் மொத்த வியாபாரம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த என் மாமனார் போட்ட கடை. அந்தக் கடைக்கு முதல் என்று ஒன்று உண்டென்றால் அது என் வீட்டுக்காரரின் மூக்குதான். மூட்டைக்குள் கையை விட்டு ஒரு மிளகாயை எடுப்பார். காதோரம் ஆட்டி விதைச் சத்தம் கேட்பார். ஒடித்து, உள்ளங்கையில் தேய்த்து, மோந்து பார்த்துவிட்டு, "சாத்தூர் சம்பா. ஆனா போன வருஷத்துச் சரக்கும் கலந்திருக்கு" என்பார். மூட்டையை அனுப்பியவனே அப்புறம் போனில் ஒப்புக்கொள்வான். காலையில் கடை திறந்ததும் சாலைக் கடைத்தெருவிலிருந்து இரண்டு பேராவது தாளில் மடித்த சாம்பிளோடு வந்து நிற்பார்கள். நின்ற நிலையில் பதில் சொல்லி அனுப்புவார்.

அதே மூக்கோடுதான் கரமனையில் இருக்கிற எங்கள் வீட்டுக்கும் வருவார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "வெந்தயம் கருகிட்டு போலிருக்கே" என்று குரல் வரும். ரசத்தில் காயம் கூடிவிட்டது, தோரனில் தேங்காய் பழசு, எண்ணெய் ரெண்டாம் தடவை காய்ந்தது என்று ஒவ்வொரு வேளையும் ஒரு பஞ்சாயத்து. நானும் சும்மா விடுகிற ஆள் இல்லை. "அப்படின்னா அந்த மூக்கையே அடுப்புல வச்சுச் சமைச்சுச் சாப்பிடுங்க" என்று கரண்டியை வைத்துவிட்டு வெளியே போயிருக்கிறேன்.

கொரோனா காலத்தில் அவருக்கும் காய்ச்சல் வந்தது. எட்டு நாளில் காய்ச்சல் போனது. போகும்போது மூக்கில் இருந்த மணத்தையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. பலருக்கும் இப்படி ஆகிறது, தானே திரும்பி வரும் என்று டாக்டர் சொன்னார். அவர் தினமும் காலையில் காப்பித்தூள் டப்பாவைத் திறந்து மோந்து பார்ப்பார். நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று அவர் முகத்தைப் பார்ப்பேன். மூன்று மாதம் ஆயிற்று, ஆறு மாதம் ஆயிற்று. ஒருநாள் டப்பாவைத் திறக்காமலே காப்பி போட்டுக் கொடு என்றார். அன்றைக்கு எனக்குக் காப்பி இறங்கவில்லை.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணமாகிப் போன மகளிடம்கூடச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். மூக்கில்லாத மிளகாய் வியாபாரியிடம் யார் வருவார்கள் என்பது அவர் பயம். ஒரு சாயங்காலம் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, கதவைச் சாத்திவிட்டு என்னிடம் நீட்டினார்.

"ஏட்டி, இதைக் கொஞ்சம் மோந்து சொல்லு."

முப்பது வருஷம் அந்த மூக்கோடு மல்லுக்கட்டியதில் என் மூக்கும் கொஞ்சம் படித்திருந்தது. "மல்லி புதுசுதான். ஆனா மழையில நனைஞ்சு காஞ்ச வாசம் இருக்கு" என்றேன். மறுநாள் அதைத் தன் வாக்காக அவர் கடையில் சொன்னார். சரியாக இருந்தது. அதிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. எங்கள் அதிர்ஷ்டம், அந்தச் சமயம் பார்த்து வியாபாரிகளும் சாம்பிளைச் சாயங்காலம் கடை கட்டுகிற நேரத்தில் கொண்டுவர ஆரம்பித்தார்கள். "அவசரம் இல்ல அண்ணாச்சி, நாளைக்குச் சொன்னா மதி, அது போதும்" என்று வைத்துவிட்டுப் போனார்கள். காலையில் எழுந்திருக்க மடி இந்தப் பயல்களுக்கு என்று நான் நினைத்தேன். கடவுள் கொடுத்த சோம்பல் என்று சந்தோஷமும் பட்டேன்.

கடையைச் சமாளித்துவிட்டோம். சாப்பாட்டை என்னால் சமாளிக்க முடியவில்லை. எதை வைத்தாலும் "நல்லாருக்கு" என்றார். உப்பும் புளியும் நாக்குக்குத் தெரிந்ததுதான், ஆனால் சோற்றின் மேலேயே மனசு விட்டுப் போயிருந்தது. ஒருநாள் வேண்டுமென்றே துளி பெருங்காயம் போடாமல் சாம்பார் வைத்தேன். பெருங்காய வியாபாரி அந்தச் சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டு, நல்லாருக்கு என்று எழுந்து கை கழுவினார். நான் தட்டை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் உடம்பு ஏழு கிலோ இறங்கியிருந்தது. சட்டைகளை எல்லாம் பிடித்துத் தைத்தேன்.

போன மாசியில் ஒரு மசாலாக் கம்பெனி, தன் சரக்கை அதிகம் விற்ற வியாபாரிகளைச் சம்சாரத்தோடு பாங்காக் கூட்டிப்போனது. மூன்று ராத்திரி, நான்கு பகல். அவர் வரவே மாட்டேன் என்றார். "அங்க போயி என்னத்தச் சாப்பிட? எல்லாம் ஒண்ணுதான் எனக்கு" என்றார். அந்த வார்த்தைக்காகவே நான் பிடிவாதம் பிடித்தேன். வேறு ஊர், வேறு மிளகாய், வேறு எண்ணெய். எங்கேயாவது ஒரு வாசனை போய் அந்த மூக்கைத் தட்டி எழுப்பாதா என்று ஒரு நப்பாசை. மூக்கு எழும்பாவிட்டாலும் போகட்டும், அவர் ஏதாவது ஒரு சாப்பாட்டைப் பார்த்து இது சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது. கோயில் வாசலில் தேங்காய் உடைக்கும்போது இதைத்தான் கேட்டேன். புருஷன் குறை சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொண்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

போன இடத்தில் மூன்று நாளும் கம்பெனிக்காரர்கள் எங்களை வடநாட்டு ஓட்டலுக்கே கூட்டிப்போனார்கள். சப்பாத்தி, பருப்பு, பனீர். பனீர், பருப்பு, சப்பாத்தி. விமானம் ஏறி வந்து பருப்பைத் தின்பதற்கு நான் கரமனையிலேயே இருந்திருப்பேனே! மற்றவர்கள் முனகினார்கள், கொண்டுவந்த ஊறுகாயைப் பிரித்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் நல்லாருக்கு என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பருப்பைத் தூக்கி ஊற்றியிருப்பேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் சாமான் வாங்க நேரம் விட்டார்கள். நான் அவர் கையைப் பிடித்து, ஓட்டலுக்குப் பின்னால் இருந்த ஒரு சந்துக்குள் இழுத்துக்கொண்டு போனேன். எங்கள் எதிர்க்கடைக்காரரும் கூட வந்தார். அவரும் மசாலா வியாபாரிதான், என் வீட்டுக்காரரைவிடப் பதினைந்து வயது இளையவர். இவரை அண்ணாச்சி என்பார், என்னை மைனி என்பார். அவர் சம்சாரம் கால்வலி என்று அறையிலேயே படுத்துவிட்டாள்.

அந்தச் சந்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். இரண்டு பக்கமும் தள்ளுவண்டி, ஒவ்வொன்றிலும் ஒரு அடுப்பு, ஒவ்வொரு அடுப்பிலும் ஒரு வாசனை. சுட்ட கோழி, எலுமிச்சை இலை, மீன் சாறு, கருகுகிற சர்க்கரை. ஒரு வண்டியில் நம்முடைய குழிப்பணியாரச் சட்டியே இருந்தது. அதில் தேங்காய்ப்பாலும் அரிசிமாவும் ஊற்றி, மேலே வெங்காயத்தாளைத் தூவி, ஓரம் மொரமொரவென்று, நடுவில் கிண்ணத்தில் ஊற்றிய பாயசமாகத் தளதளவென்று எடுத்துக் கொடுத்தார்கள். ஒரு தட்டுக்கு எட்டு, அதில் ஏழு நானே தின்றேன். வாய் வெந்தது, அப்படியும் நிறுத்தவில்லை. தேங்காய்ப்பாலில் ஊறிய ஒட்டரிசியும் மாம்பழமும் வாங்கினேன். ஐம்பத்தெட்டு வயதில் தெருவில் நின்றுகொண்டு விரலை நக்கினேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மிச்சம் வைத்திருந்த ஒரு பணியாரத்தை அவர் வாயில் கொடுத்தேன். "நல்லாருக்கு" என்றார். அத்தனை வாசனைக்கும் நடுவில் தனியாக ஒருத்தரை நிற்க வைத்துவிட்டு நான் தின்கிறேனே என்று விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த வண்டியில் ஒரு அம்மாள் நின்றாள், என் வயதுதான் இருக்கும். முன்னால் உயரமான ஒரு மண் உரல், ஒரு கையில் மர உலக்கை, மறு கையில் கரண்டி. பப்பாளிக்காயை நீளநீளமாகச் சீவிக் குவித்திருந்தாள். சுற்றிலும் தட்டுகளில் எலுமிச்சை, தக்காளி, வறுத்த கடலை, கூனி இறால் கருவாடு. ஒரு பிளாஸ்டிக் பேசின் நிறையச் சிவப்பாகக் காய்ந்த மிளகாய். அதைப் பார்த்ததும் இவருடைய பின்னால் கட்டிய கை அவிழ்ந்தது. நான் தடுப்பதற்குள் பேசினுக்குள் போய்விட்டது.

சாலைக் கடைத்தெருவில் கையைப் போடாமல் யாரும் சரக்கு வாங்க மாட்டார்கள். மூட்டையைப் பார்த்துவிட்டுக் கை போடாமல் நகர்ந்தால்தான் கடைக்காரனுக்கு வருத்தம். இவர் அந்தப் பழக்கத்தில் ஒரு மிளகாயை எடுத்தார், காதோரம் ஆட்டினார், ஒடித்தார், உள்ளங்கையில் தேய்த்தார். நாலு கடலையையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். உள்ளங்கையை மூக்குக்குக் கொண்டுபோகும்போது அந்த அம்மாள் கரண்டியால் மணிக்கட்டில் பட்டென்று ஒரு அடி கொடுத்தாள். படபடவென்று அவள் பேசியதில் ஒரு எழுத்துகூட எனக்குப் புரியவில்லை, ஆனால் திட்டு எந்தப் பாஷையிலும் திட்டுதான். இவர் கையும் களவுமாகப் பிடிபட்டவராக ஒடுங்கி, இரண்டு கையையும் கூப்பினார்.

எதிர்க்கடைக்காரர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்த வாயோடு பழக்கத்தில் கேட்டும்விட்டார்.

"அண்ணாச்சி, இது நம்ம குண்டூர் மாதிரி இருக்கா, வேற இனமா?"

கேட்டதும் கேட்டவருடைய முகமே மாறியது. நாக்கைக் கடித்துக்கொண்டார். எதற்கு நாக்கைக் கடிக்கிறார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. நான் வழக்கம்போல முந்திக்கொண்டேன்.

"அவங்களுக்கு ஜலதோஷம். ஏசியில படுத்தது ஒத்துக்கல."

என் வீட்டுக்காரர் உள்ளங்கையை மறுபடி மூக்குக்குக் கொண்டுபோய் மோந்தார். அப்புறம் கையை வேட்டியில் துடைத்தார்.

"ஜலதோஷம் ஒண்ணும் இல்ல" என்றார். "எனக்கு மணம் தெரியாது தம்பி. காய்ச்சல் வந்ததுல இருந்து தெரியாது. ரெண்டு வருஷமா உங்ககிட்ட எல்லாம் பொய் சொல்லிட்டு இருக்கேன். மோந்து பாத்தது இவ."

சொந்த ஊரில் கதவைச் சாத்திக்கொண்டு பேசியதை, ஊர் பேர் தெரியாத சந்தில் நின்று சொல்லிவிட்டார். எதிர்க்கடைக்காரர் தலையைக் குனிந்தபடி நின்றார்.

"தெரியும் அண்ணாச்சி" என்றார்.

"என்ன தெரியும்?" என்று நான் கேட்டேன்.

"எங்க எல்லாருக்கும் தெரியும் மைனி. மூலைக்கடையில மூட்டைக்கு அடியில எலி செத்துக் கிடந்துச்சே, ஓர்மையுண்டா? தெருவே மூக்கைப் பொத்திட்டு ஓடுச்சு. அண்ணாச்சி மட்டும் அந்த மூட்டை மேலயே உக்காந்து சாயா குடிச்சாங்க. அன்னைக்கே தெரிஞ்சு போச்சு."

"பின்ன எதுக்குய்யா சாம்பிள் கொண்டு வந்தீங்க?"

"காலையில கடையில வச்சுக் கேட்டா அண்ணாச்சிக்கு மொகம் ஒரு மாதிரி ஆயிருது. அதுனாலதான் சாயங்காலம் கொண்டு வருவோம்னு நாங்க பேசி வச்சோம். வீட்டுக்குக் கொண்டு போனா மைனி பாத்துச் சொல்லுவாங்கல்லா. இன்னிக்கு என் வாய் சும்மா இருக்கல. மன்னிக்கணும், கேட்டோ."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த பெருமையில் நாங்கள் இரண்டு பேரும் இருந்திருக்கிறோம், ஊரே அதைப் பார்த்துக்கொண்டு சோறு மட்டும்தான் இருக்கிறது என்று தலையாட்டியிருக்கிறது. "ரெண்டு வருஷமா எங்கள முட்டாளாக்கினீங்களா?" என்று சத்தம் போட்டேன். சத்தம் போடும்போதே குரல் உடைந்துவிட்டது. ஆரியசாலை வியாபாரிகளைப் பற்றி எனக்கு ஒன்றும் உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது. அரை கிலோவுக்கு அரை நாள் சண்டை போடுகிறவர்கள். அவர்கள் கூடிப் பேசி, ஒரு மனுஷனின் முகம் வாடக் கூடாது என்று நேரத்தை மாற்றி வைத்திருக்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் "எலியா?" என்றார். "அந்த மூட்டைக்கு அடியிலயா?" என்றார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, அந்தத் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தே எத்தனை நாளாயிற்று!

கண்ணீரைப் பார்த்த அந்த அம்மாள், தான் அடித்ததில்தான் அழுகிறார் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, இவர் மணிக்கட்டைப் பிடித்துத் தடவிக் கொடுத்தாள். மூன்று பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டாள். ஒரு மிளகாயைத் தூக்கிக் காட்டி, எத்தனை என்று கையால் கேட்டாள். இவர் ஐந்து விரலையும் விரித்தார். அவள் தலையை ஆட்டி இரண்டு விரலைக் காட்டினாள். இவர் மறுபடியும் ஐந்தைக் காட்டினார். மிளகாய் வியாபாரியிடம் போய் இரண்டு என்றால் கேட்பாரா? உன் தலையெழுத்து என்கிற மாதிரி அவள் ஐந்தையும் உரலில் போட்டாள்.

மிளகாய், பூண்டு, கடலை, கூனி, வெல்லம், எலுமிச்சை. டொக் டொக் என்று இடித்து, பப்பாளிக்காயைப் போட்டுப் பிசறி, தட்டில் கொட்டிக் கொடுத்தாள். எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கிற பப்பாளியில் நான் தோரன் வைத்தால் அது நோயாளிச் சாப்பாடு. இது வேறு ஜாதி. ஒரு வாய் வைத்ததும் காது அடைத்தது. புளிப்பு ஒரு பக்கம் இழுத்தது, வெல்லம் ஒரு பக்கம், உப்பு ஒரு பக்கம், எல்லாவற்றுக்கும் மேலே உறைப்பு ஏறி நின்று ஆடியது. பல்லுக்கு நறுக்நறுக்கென்று இருந்தது.

நான் தண்ணீரைத் தேடும்போது அவரைப் பார்த்தேன். குனிந்து தின்றுகொண்டிருந்தார். நெற்றியில் வியர்வை, காது சிவந்து போயிற்று, மூக்கு ஒழுகியது. வேலை செய்யாத மூக்கு ஒழுகவாவது செய்கிறதே என்று எனக்குச் சந்தோஷம். நிமிரவே இல்லை. கடைசியில் தட்டைச் சரித்து, அடியில் இருந்த சாற்றையும் குடித்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் வீட்டுச் சமையலில் பாதி, வாசனைதான். காயம், கறிவேப்பிலை, தாளித்த கடுகு, பச்சைத் தேங்காய் எண்ணெய். மணம் போனவருக்கு அதெல்லாம் வெறும் சேறு. அதையே இரண்டு வருஷமாக நான் வேளைக்கு வேளை முன்னால் வைத்து, மூக்கு எப்போது திரும்பும் என்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். நாக்கு ஒன்று அவரிடம் இருக்கிறது என்று எனக்கு நினைப்பே வரவில்லை. போன ஒன்றுக்காக அழுததில், இருக்கிற ஒன்றைப் பட்டினி போட்டுவிட்டேன்.

அவர் இன்னொரு தட்டு கேட்டார். அவள் இடித்துக் கொடுத்தாள். ஒரு வாய் வைத்தார். மென்றார். நிறுத்தினார். தட்டை அவள் பக்கம் திருப்பித் தள்ளினார்.

"புளிப்பு பத்தல" என்றார்.

தமிழில்தான் சொன்னார். சொல்லிவிட்டு, எலுமிச்சை பிழிகிற மாதிரி விரலைக் காட்டினார். அவள் இடுப்பில் கையை வைத்து அவரை மேலும் கீழும் பார்த்தாள். உரலில் ஒட்டியிருந்ததைக் கரண்டி நுனியால் எடுத்துத் தன் நாக்கில் வைத்தாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு தலையை ஆட்டி ஒப்புக்கொண்டு, இன்னொரு எலுமிச்சையை எடுத்துப் பிழிந்தாள்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். என்ன மைனி என்று எதிர்க்கடைக்காரர் பதறினார். மிளகாய் என்றேன்.

ஊருக்கு வந்த நாலாம் நாள் மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். நட்ட நடுப்பகலில் எதிர்க்கடைக்காரர் தெருவைக் கடந்து வந்து ஒரு பொட்டலத்தை வைத்தார். என் வீட்டுக்காரர் அதைப் பையில் போடவில்லை. சுமை இறக்குகிறவர்களும் இரண்டு வாடிக்கைக்காரர்களும் பார்த்துக்கொண்டிருக்க, பிரித்து என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"மணம் நீ சொல்லு. உறைப்பு நான் சொல்லுதேன்" என்றார்.

நான் மோந்தேன். அவர் விதையை நாக்கில் வைத்தார். இரண்டு பேரும் சொன்னதை எதிர்க்கடைக்காரர் கேட்டுக்கொண்டு போனார். கடைக்கு ஒரு வியாபாரிகூடக் குறையவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் போய் ஒரு பப்பாளிக்காயைப் பறித்தேன். மண் உரல் இல்லை, இஞ்சி இடிக்கிற சின்ன உரல்தான் இருந்தது. கடலை வறுத்து, கூனியை வறுத்து, வெல்லம் தட்டி, எலுமிச்சை பிழிந்து, ஐந்து மிளகாயும் போட்டு, கை காந்தக் காந்த இடித்தேன். தட்டில் கொண்டுபோய் முன்னால் வைத்துவிட்டு, இடுப்பில் கையை வைத்து நின்றேன்.

அவர் ஒரு வாய் தின்றார். இன்னொரு வாய் தின்றார். தட்டை என் பக்கம் தள்ளினார்.

"அந்த அம்மா வச்ச மாதிரி இல்ல" என்றார்.

"அப்படின்னா டிக்கெட் எடுத்து அவகிட்டயே போங்க" என்று தட்டைப் பிடுங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். சாமி படத்துக்கு ஒரு விளக்கை ஏற்றினேன். பிறகு, இன்னும் ஒரு எலுமிச்சையை எடுத்து நறுக்கினேன்.